இரண்டு கிலோமீட்டர் ஆழத்துக் களவு

வாருங்கள், வாசகப் பெருமக்களே, வாருங்கள்! அடுப்பில் பால் இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள். அரைகுறையாய்ச் சவரம் செய்தவர் அப்படியே வாருங்கள். ஓர் அநீதியைக் கண்ணாரக் காண வாருங்கள்!

அதோ, சலவைக்காரியின் வாசலில் மஞ்சள் வண்ணப் புல்டோசர் ஒன்று உறுமிக்கொண்டு நிற்கிறது. மணி இப்போது பகல் ஒன்று. மூன்று அடித்ததும் அவள் வீடு தரைமட்டம். இருபது ஆண்டுகளாய் அந்த எண்ணெய் வயலின் தொழிலாளர் அத்தனை பேருடைய அழுக்கையும் அடித்து வெளுத்த கைகளுக்கு, அந்த வீட்டையும் துவைகல்லையும் தவிர உலகில் வேறு உடைமை இல்லை. அவள் செய்த குற்றம் என்ன? களவு. களவாடிய பொருள்? கச்சா எண்ணெய். எவ்வளவு? ஏழாயிரம் பீப்பாய். எங்கிருந்து? அவள் துவைகல்லுக்கு நேர் கீழே, இரண்டு கிலோமீட்டர் ஆழத்திலிருந்து. எந்தக் கருவியைக் கொண்டு? அதையும் கைப்பற்றிவிட்டார்கள்: பதினைந்து அடி ரப்பர் குழாய்!

“மீதி ஆறாயிரத்து ஐந்நூறு அடிக்கு என்ன பண்ணாங்களாம் அண்ணி? குனிஞ்சு உறிஞ்சினாங்களாமா?” என்றான் சரவெடி.

சரவெடி என்பது ஊர் வைத்த பெயர். வாயைத் திறந்தால் கடைசி வெடி வரை வெடித்துத் தீர்ந்தாலன்றி அடங்காதவன். அந்த வாயினாலேயே மூன்று வேலைகளை இழந்து, நான்காவதாக, துப்பறியும் தொழில் செய்யும் தன் அண்ணியிடம் உதவியாளனாய் ஒட்டிக்கொண்டவன். அண்ணி பேச்சில் சிக்கனம், பார்வையில் தாராளம். அன்று காலை சலவைக்காரி இடிப்பு ஆணையை ஈரக்கையோடு கொண்டுவந்து நீட்டியபோது, அண்ணி அதை ஒரு முறைதான் படித்தாள். சரவெடிக்கு அது போதும். அண்ணி ஒரே முறை படித்தால், எழுதியவன் மாட்டிக்கொண்டான் என்று பொருள்.

புல்டோசர் ஓட்டுநர் மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. இடிக்கறதுக்கு முன்னாடி என் யூனிபாரம் ரெண்டையும் எடுத்துக் குடுத்துடுங்க. நாளைக்குப் போட வேற இல்ல.”

“ஒண்ணு காய்ஞ்சிருச்சு. இன்னொண்ணு ஈரம்,” என்றாள் சலவைக்காரி. “வீடு போனப்புறம் எந்தக் கொடியில காயப்போடறதுன்னு நீங்களே சொல்லுங்க.”

“ஏங்க, உங்க துணி துவைக்கிற வீட்டையே இடிக்க வந்திருக்கீங்களே, கூசலையா?” என்றான் சரவெடி.

“ஆணை தம்பி. மூணு தடவை படிச்சிட்டேன். ‘வரைபடத்தில் சிவப்புக் கறை படிந்துள்ள நிலத்தின் மேலுள்ள கட்டடங்கள் அனைத்தும் இடிக்கப்படும்.’ சிவப்பு எங்கயோ அங்க நான். எனக்கு ஆள் முக்கியமில்ல.”

“நல்ல கொள்கை. அதை விட்டுடாதீங்க,” என்றாள் அண்ணி. அவள் குரலில் கேலி இல்லை. சரவெடிக்குத்தான் புரியவில்லை.

அந்தச் சிவப்புக் கறையின் வரலாறு இது. மூன்று ஆண்டுகளுக்கு முன் எண்ணெய் நிறுவனத்தார் நிலத்தை இயந்திரத்தால் அதிரச் செய்தார்கள். அடியிலிருந்து திரும்பி வந்த எதிரொலியை, தரையில் வரிசையாய்க் குத்திய சிறு கருவிகளால் கேட்டார்கள். ‘காது’ என்பதே தொழிலாளர் அக்கருவிக்கு இட்ட பெயர். கேட்டதைக் கொண்டு பூமியின் வயிற்றைப் படமாய் வரைந்தார்கள். சென்ற மாதம் அதே இடத்தில், அதே முறையில், மறுபடியும் ஒரு படம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் இடையில் மாறியது மட்டும் மிஞ்சும். எண்ணெய் எங்கே தீர்ந்தது, நீர் எங்கே புகுந்தது, மீதி எங்கே பதுங்கியுள்ளது, அடுத்த கிணற்றை எங்கே தோண்டலாம் என்றெல்லாம் அது காட்டும். அரிய அறிவியல்! ஆனால் அறிவியலை அதிகாரத்தின் கையில் கொடுத்துப் பாருங்கள். எந்தக் கிணறும் இல்லாத இடத்தில் எண்ணெய் குறைந்ததாய் ஒரு கறை தோன்றியது. கிணறு இல்லை, எண்ணெயும் இல்லை, ஆகவே திருடன் உண்டு. மேலே பார்த்தார்கள். சலவைக்காரி குழாயோடு நின்றாள்.

“ரெண்டாவது அளவீடு நடந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க அக்கா?” என்று அண்ணி கேட்டாள்.

“இதே கல்லுலதான். துவைக்கச் சொல்லி உத்தரவே போட்டாங்களே!” அவள் உள்ளே ஓடி, மடித்து வைத்திருந்த தாளைக் கொண்டுவந்தாள்.

சரவெடி உரக்கப் படித்தான்: “‘முதல் அளவீட்டு நாளில் துவைத்த அதே உடுப்புகளை, அதே நேரத்தில், அதே வரிசையில், அதே வேகத்தில் துவைக்குமாறு ஆணையிடப்படுகிறது.’ அண்ணி, இது என்ன, துணிக்கு ஒத்திகையா?”

“எல்லாம் அப்படியே இருக்கணுமாம் தம்பி,” என்றாள் சலவைக்காரி. “துவைச்சு மடிச்ச நாப்பத்தோரு யூனிபாரத்தை வாங்கிட்டுப் போய், கிரீஸைத் தடவி, அழுக்காக்கிக் குடுத்தாங்க. மூணு வருஷத்துக்கு முன்னால காவலாளி பதினோரு தடவை இருமினாராம். பாவம், இப்ப அவருக்கு உடம்பு நல்லாயிடுச்சு. இருந்தும் இரும வச்சாங்க. வாசல்ல படுத்திருந்த நாய் செத்துப்போச்சு. அதே எடைக்கு ஒரு மணல் மூட்டையை வச்சாங்க.”

“மூட்டை குரைச்சுதா?”

“அதுக்குத் தனியா ஒரு எழுத்தரைப் போட்டிருந்தாங்க.”

மாறாமையே மதமாகிவிட்ட இடத்தில் மனிதனையும் மூட்டையையும் வேறுபடுத்திப் பார்க்க யாருக்கு நேரம்? அண்ணி துவைகல்லைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். கல்லின் அடி சிமெண்டில் புதைந்திருந்தது. அதற்கு நாலடி தள்ளி, இறுகிய மண்ணில், விரல் நுழையுமளவு துளைகள் நேர்கோட்டில் சென்றன. எண்ணினாள். இருபத்து நான்கு.

“தம்பி, அந்தக் கல்லைக் கொஞ்சம் நகர்த்து.”

சரவெடி தோள் கொடுத்துத் தள்ளினான். முதுகு கொடுத்துத் தள்ளினான். முகம் தக்காளிப் பழமாயிற்று. கல் அசையவில்லை.

“இது எங்கயும் போகாது அண்ணி. நான்தான் ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

“அது போதும். வாங்க, நிறுவனத்தோட பதிவு அறைக்கு.”

பதிவு அறை, குளிரூட்டியின் முனகலும் கம்பிகளின் சிக்கலுமாய் இருந்தது. அங்கிருந்த கணினிப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும்; கண்ணில் ஒரு வாரத் தூக்கம் பாக்கி இருந்தது. அவள்தான் இரண்டு அளவீடுகளையும் கழித்துப் படம் எடுத்தவள்.

“எங்க கணக்குல தப்பே இல்ல மேடம். காத்து, லாரி, இருமல், எல்லாத்தையும் வடிகட்டிட்டுத்தான் படமே போடுவோம்,” என்றாள்.

“வடிகட்டினதை எங்க வச்சிருக்கீங்க?”

கணினிப் பெண் திரையின் பக்கம் திரும்பினாள். “அது தனியா இருக்கு. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் காதுங்க கேட்ட மொத்தச் சத்தமும் இருக்கு. ஆனா இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே!”

“குப்பைத்தொட்டிக்கு விருந்தாளி வந்திருக்கோம்மா, கதவைத் திற,” என்றான் சரவெடி.

இரண்டு நீளத் தாள்கள் மேசையில் விரிந்தன. ஒன்று மூன்று ஆண்டுக்கு முந்தியது. மற்றது சென்ற மாதத்தது. சலவை முற்றத்தின் பக்கமாய் நடப்பட்ட, நூற்றொன்றாம் எண்ணிலிருந்து இருபத்து நான்கு காதுகள் கேட்ட சத்தம் கோடு கோடாய்த் துள்ளியது. சலவைக்காரி கையைப் புடைவையில் துடைத்துக்கொண்டு குனிந்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

“ஐயோ, இது நான்!”

“எது அக்கா?”

“இதோ பாருங்க. ஏழு அடி, ஒரு நிறுத்தம். ஏழு அடி, ஒரு நிறுத்தம். இது கிணத்துக்காரங்க யூனிபாரம். கெட்டி அழுக்கு, ஏழுக்குக் கம்மியா அடிச்சா போகாது. இங்க மூணு மூணா வருதில்ல, அது அலுவலகச் சட்டை. அப்புறம் இது...” விரல் கோட்டின் மேல் மெல்ல நகர்ந்தது. “ரெண்டே அடி, மெதுவா. இது நிறுவன இயக்குநர் வீட்டம்மா திரைச்சீலை. கிழிஞ்சா என்னைக் கிழிச்சிடுவாங்கன்னு பயந்து பயந்து அடிச்சேன்.”

கணினிப் பெண் நாற்காலியை விட்டு எழுந்தாள். ஆறு ஆண்டுகள் படித்துப் பட்டம் வாங்கி அவள் சத்தமென்று வீசியதை, பள்ளிக்கூட வாசலை மிதிக்க விடப்படாத ஒரு பெண் எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தாள்!

“இப்ப ரெண்டு தாளையும் பக்கத்துல வை,” என்றாள் அண்ணி. “துணி அதே துணி. கை அதே கை. வரிசை அதே வரிசை. எது மாறியிருக்கு?”

சரவெடிக்கே தெரிந்தது. முதல் தாளில் அடிகள் எறும்பு ஊர்வதுபோல் இருந்தன. இரண்டாவதில் ஒவ்வொன்றும் மலைபோல் எழுந்து நின்றது.

“ரெண்டாவதுல ரொம்பச் சத்தமா இருக்கு அண்ணி. அக்காவுக்குக் கோபம் போல.”

“அதே வேகம்னு உத்தரவு. கோபத்துக்கு அனுமதி இல்ல. சத்தம் பெருசாச்சுன்னா ஒண்ணு கல்லு காதுகிட்ட வந்திருக்கணும், இல்ல காது கல்லுகிட்ட வந்திருக்கணும். கல்லை நீதான் தள்ளிப் பார்த்தியே.” அண்ணி கணினிப் பெண்ணின் பக்கம் திரும்பினாள். “இந்த இருபத்து நாலு காதும் எங்க இருந்ததா எழுதியிருக்கு?”

அவள் பட்டியலைப் பார்த்தாள். “சலவை முற்றத்து மதிலுக்கு அந்தப் பக்கம். கல்லுலேர்ந்து எண்பது அடி தள்ளி. முதல் அளவீட்டப்ப அது வெறும் பொட்டல். இப்ப...” குரல் இறங்கியது. “இப்ப இயக்குநர் பங்களா புல்தரை.”

“அப்ப இயக்குநர் புல்தரையில உட்கார்ந்து யாரோ யூனிபாரம் துவைச்சிருக்காங்க!” என்று சரவெடி கைதட்டினான்.

அளவீட்டு மேஸ்திரியை அழைத்து வந்தார்கள். காதுகளை நடும் குழுவின் தலைவர் அவர். துளைகளைப் பற்றி அண்ணி பேச்செடுத்ததுமே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“நான் என்ன மேடம் பண்ணுவேன்? இடம் மாறக் கூடாதுன்னு ஒரு விதி. எண்ணிக்கை குறையக் கூடாதுன்னு ஒரு விதி. இயக்குநர் வீட்டம்மா வந்து, புல்லுல ஒரு ஓட்டை விழுந்தா உன் வேலை போச்சுன்னாங்க. மூணையும் காப்பாத்தணும். அதான் இருபத்து நாலையும் மதிலுக்கு இந்தப் பக்கம், சலவை முற்றத்துல நட்டுட்டு...”

“பழைய இடத்தையே எழுதிட்டீங்க.”

“எழுத்துல ஒண்ணும் மாறல மேடம்!” என்றார் அவர், பெருமையும் பரிதாபமும் கலந்து.

“நாய்க்கு மூட்டை வச்ச மாதிரி புல்லுக்கும் ஒரு பாய் வாங்கி விரிச்சிருக்கலாமே அண்ணே,” என்றான் சரவெடி.

“காது எண்பது அடி நகர்ந்தா, கீழேருந்து வர்ற எதிரொலியும் வேற நேரத்துக்குத்தான் வரும்,” கணினிப் பெண் முணுமுணுத்தாள். “காது நகரவே இல்லைன்னு நினைச்சு, கீழதான் ஏதோ மாறிடுச்சுன்னு படம் போட்டுட்டேன். அந்தக் கறை எண்ணெயே இல்ல. மேஸ்திரியோட பயம்.”

“அந்த இருபத்து நாலையும் தூக்கிட்டு, பக்கத்துக் காதுங்களை மட்டும் வச்சு மறுபடி போட முடியுமா?”

“ஒரு மணி நேரம் குடுங்க.”

“குடுத்தேன். அதோட பழைய படத்தையும் ஒண்ணு எடுங்க. கீழ் மூலையில விளக்கம் எழுதின பெட்டி ஒட்டியிருக்கே, அந்தப் பெட்டி இல்லாம.”

பெட்டி இல்லாமல் எதற்கு என்று சரவெடிக்கு விளங்கவில்லை. கேட்டால் அண்ணி சொல்லமாட்டாள் என்பது விளங்கியது.

மணி மூன்று. சலவைக்காரியின் வாசலில் இயக்குநர் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, அதையும் அவள்தான் வெளுத்திருந்தாள். வேலையை விட்டு வந்த தொழிலாளர் ஐம்பது பேர் தெருவில் நின்றார்கள். அண்ணி துளைகளைக் காட்டினாள், தாள்களைக் காட்டினாள், தலை குனிந்து நின்ற மேஸ்திரியைக் காட்டினாள். இயக்குநர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“அம்மா, ஒரு துணி துவைக்கிற சத்தத்தை நம்பி என் வரைபடத்தைப் பொய்னு சொல்றீங்க. கோடிக்கணக்குல செலவு பண்ணி எடுத்த படம். அது பொய் சொல்லாது. கறை கறைதான்.”

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

“எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?” ஐம்பது தலைகள் ஆடின. அண்ணி பையிலிருந்து ஒரு தாளை எடுத்து ஓட்டுநரிடம் நீட்டினாள். “இது அதே படம். கீழ் மூலையில விளக்கப் பெட்டி ஒட்டியிருந்துச்சில்ல, அதை மட்டும் எடுத்திருக்கு. படிச்சுப் பாருங்க.”

ஓட்டுநர் படித்தார். மறுபடி படித்தார். சரவெடியும் எக்கிப் பார்த்தான். பார்த்தவனுக்குத் தொண்டைவரை சிரிப்பு வந்தது. சலவைக்காரியின் முற்றத்தில் இருந்தது கறையின் வால் மட்டுமே. தலை, வயிறு, தொடை அத்தனையும் மதிலைத் தாண்டி, அதுவரை பெட்டி மறைத்திருந்த இடத்தில், இயக்குநர் பங்களாவின் அடியில் படுத்துக் கிடந்தது. தம் வீடு எந்தப் படத்திலும் தெரியக் கூடாதென்று அவர்தான் பெட்டியை அங்கே ஒட்டச் சொல்லியிருந்தார்!

“சிவப்பு எங்கயோ அங்க நான்,” என்றார் ஓட்டுநர். “இதுல வீடு கொஞ்சம், பங்களா நிறைய. நிறைய இருக்கறதை முதல்ல முடிச்சிடறேன்.”

புல்டோசர் பின்னால் நகர்ந்தது, திரும்பியது, மதிலை நோக்கி நடந்தது.

“ஏய்! நிறுத்துய்யா! அது என் வீடு!”

“ஆணைல ஆள் பேர் இல்லீங்களே சார்!”

முதல் செங்கல் உதிர்ந்தது. மதிலுக்கு அப்பாலிருந்து வீட்டம்மாவின் அலறல் கேட்டது: “ஐயோ, என் புல்லு!”

“கறை பொய்!” இயக்குநர் இரு கைகளையும் தூக்கிக்கொண்டு இரும்புப் பல்லின் முன்னால் ஓடினார். “படம் பொய்! காது மாறிப்போச்சு! அந்தம்மா திருடல! நிறுத்து!”

“எழுதிக் குடுங்க,” என்றாள் சலவைக்காரி. அன்று அவள் குரல் உயர்ந்தது அந்த ஒரு முறைதான்.

எழுதிக் கொடுத்தார். ஆணையை நான்காய்க் கிழித்தார். தொழிலாளர் ஆரவாரம் அடங்குமுன், இயக்குநர் முகத்தில் ஒரு புது வெளிச்சம் படர்வதைச் சரவெடி கண்டான்.

“கறை பொய்னா,” அவர் மெல்லச் சொன்னார், “எண்ணெய் இன்னும் இங்கேயேதான் இருக்கு! அந்தம்மா வீட்டுக்கு அடியில! நல்லதாப் போச்சு. வீட்டை எடுத்துட்டுக் கிணறு தோண்டிடலாம்!”

திருடி என்று இடிக்க வந்தார்கள். திருடவில்லை என்று நிறுவினால் அதற்காகவும் இடிப்பார்களாம். இப்படியொரு நியாயம் எந்த நாட்டில் உண்டு? எல்லா நாட்டிலும் உண்டு!

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கணினிப் பெண் ஓடி வந்தாள். கையில் சூடாறாத தாள்.

“சார், புதுப் படம் வந்திருச்சு! நாம கிணறுங்க வழியா தண்ணியைச் செலுத்தினோம்ல, அது எண்ணெயை நாலா பக்கத்துலேர்ந்தும் தள்ளி ஒரே இடத்துல குவிச்சு வச்சிருக்கு. இந்த முற்றத்துக்குக் கீழ ஒண்ணுமில்ல. மீதி மொத்தமும் உங்க படுக்கையறைக்கு நேர் கீழ சார்!”

இயக்குநர் வானத்தைப் பார்த்தார். பூமியைப் பார்க்க அஞ்சினார் போலும்.

“எண்ணெய்க்கு என்ன அவசரம்?” என்றார் கடைசியில். “பத்திரமாத்தான் இருக்கு. படத்தை உறுதிப்படுத்தணும். வர்ற பதினெட்டாம் தேதி மூணாவது அளவீடு. எல்லாம் முன்ன மாதிரியே.”

“சார், காதுங்களை எங்க நடறது?” என்று கேட்டார் மேஸ்திரி.

இயக்குநர் மதிலை நோக்கினார். இடிந்த சந்து வழியே அவர் மனைவி புல்லின் மேல் கைகளை விரித்துக்கொண்டு நின்றாள்.

“போன தடவை மாதிரியே,” என்று சொல்லிவிட்டு அவர் காரில் ஏறினார்.

கேட்டீர்களா? காதுகள் மறுபடியும் அந்த முற்றத்துக்கே வருகின்றன. கறையும் வரும். கறைக்குப் பின்னால் ஆணையும் வரும். அடுத்த ஆணையில் சலவைக்காரியின் பெயரைத் தெளிவாய் எழுதுவார்கள். ஒருமுறை ஏமாந்த அதிகாரம் இரண்டாம் முறை இலக்கணம் கற்றுக்கொண்டு வரும்.

“அண்ணி, பதினெட்டாம் தேதி என்ன பண்றது? ரெண்டு பேரும் போய் அந்தப் புல்லுல படுத்துக்கலாமா?”

“ரெண்டு பேர் பத்தாது தம்பி,” என்றாள் அண்ணி.

பத்தாது, வாசகப் பெருமக்களே! ஆகவே இந்தப் புத்தகத்தை மூடுங்கள். பதினெட்டாம் தேதி காலை ஏழு மணிக்கு வந்து சேருங்கள். மதில் இடிந்த சந்து இன்னும் அடைக்கப்படவில்லை. ஒருவர் பின் ஒருவராய் நுழையலாம். கனமான செருப்பாய்ப் பார்த்து அணிந்து வாருங்கள். ஆளுக்கொரு காதை மேஸ்திரியின் கையிலிருந்து வாங்குங்கள். எழுதியிருக்கும் இடத்தில், எழுதியிருக்கும்படியே, அந்தப் பசும்புல்லின் நட்டநடுவில் குத்துங்கள். வீட்டம்மா அலறட்டும்; கறை பிறக்காது. வேண்டியவை இருபத்து நான்கு கைகள். எழுந்திருங்கள்!